செத்தவனுக்கு ஏன் பயப்படுகிறீர்கள்?

ஒரு வீட்டில் ஒருவன் தன் உடன்பிறந்தவனையே வெட்டிக் கொன்றிருக்கிறான். அந்த வீட்டில் ஓர் இரவு தனியாகத் தங்கச் சொன்னால் யாருக்குப் பயப்படுவீர்கள்? கொன்றவனுக்கா, செத்தவனுக்கா?

அயர்லாந்தின் ஆஃபலி மாவட்டத்தில், ராஸ்கிரே ஊருக்கு வடக்கே லெப் கோட்டை இருக்கிறது. எழுத்தைக் கூட்டினால் லீப் என்றுதான் வரும். உள்ளூர்க்காரர்கள் லெப் என்கிறார்கள். ஓ'காரல் என்ற குலத்தார் ஆண்ட கோட்டை. 1532-ல் குலத்தலைவர் முல்ரூனி ஓ'காரல் இறந்ததும் நாற்காலிச் சண்டை தொடங்கியது. அண்ணன் தம்பிகளில் ஒருவர் பாதிரியார். மாடியிலிருந்த சிற்றாலயத்தில் அவர் பூசை நடத்திக்கொண்டிருக்கும்போதே இன்னொரு சகோதரன் வாளோடு நுழைந்து, பலிபீடத்தின் முன்னாலேயே அவரை வெட்டிச் சாய்த்தான் என்பது வழிவழியாக வரும் கதை. அந்த அறைக்கு இன்றும் 'இரத்த ஆலயம்' என்றுதான் பெயர்.

சரி, அங்கே பேயாக அலைவது யார்? வெட்டுப்பட்ட பாதிரியார்! வாளெடுத்தவனைப் பற்றி யாருக்கும் நடுக்கம் இல்லை. இது என்ன நியாயம்? வெட்டியவன் வரலாற்றில் போய் உட்கார்ந்துகொள்கிறான், வெட்டுப்பட்டவன் பூச்சாண்டி ஆகிறான். உலகத்துப் பேய்க்கதைகள் பலவற்றில் இந்தக் கணக்குதான். அநியாயமாகச் செத்தவரிடமிருந்து நம்மைக் காத்துக்கொள்ளத் தாயத்து தேடுகிறோம். அநியாயம் செய்தவனிடமிருந்து காத்துக்கொள்ள எதைத் தேடினோம்?

அந்த ஆலயத்தின் மூலையில் ஒரு பாதாளக் குழி உண்டு. வேண்டாதவர்களை அதில் தள்ளிவிட்டு மறந்துவிடுவார்களாம். அடியில் கூரான கம்பிகள் நட்டிருந்ததாகச் சொல்கிறார்கள். பிற்காலத்தில் வேலையாட்கள் குழியைத் துப்புரவு செய்தபோது மனித எலும்புகள் வந்தன. மூன்று வண்டி என்று கோட்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அளவை கவனியுங்கள். விறகை, எருவை, மண்ணை அளக்கும் அளவு. எத்தனை பேர், ஆணா பெண்ணா, எந்த ஊர், எதற்காகத் தள்ளப்பட்டார்கள்? யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் கோட்டையில் எத்தனை பேய், எந்தப் பேய் எந்தப் படிக்கட்டில் நிற்கும் என்பதற்கு மட்டும் துல்லியமான பட்டியல் இருக்கிறது.

"வேடிக்கைக்குத்தானே சார், இதில் யாருக்கு என்ன நஷ்டம்?" என்பீர்கள். பக்கத்து டிப்பரேரி மாவட்டத்துக்கு வாருங்கள். பாலிவாட்லி என்ற சிற்றூர், 1895 மார்ச் மாதம். பிரிஜெட் கிளியரி, வயது 26, தையல் தொழில். சொந்தமாகத் தையல் மெஷின் வைத்திருந்தாள், கோழி வளர்த்து முட்டை விற்றாள். அப்படி முட்டை கொடுத்துவிட்டுக் குளிரில் திரும்பியவள் படுத்துவிட்டாள். டாக்டரும் வந்து பார்த்தார். ஆனால் கணவன் மைக்கேலுக்கு வேறு சந்தேகம்: படுத்திருப்பது தன் மனைவியே இல்லை, அவளை மாயக்கணங்கள் தூக்கிப் போய்விட்டன, அவள் உருவத்தில் வேறு ஏதோ படுத்திருக்கிறது. பச்சிலையைப் பாலில் காய்ச்சி வலுக்கட்டாயமாக வாயில் ஊற்றினார்கள். நீ பிரிஜெட்தானா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அடுப்பு நெருப்புக்கு மேலே பிடித்தும் கேட்டார்கள். மறுநாள் இரவு கணவன் விளக்குக்கான மண்ணெண்ணெயை ஊற்றி எரித்துவிட்டான். வீட்டில் அவளைப் பெற்ற அப்பா இருந்தார். அத்தை இருந்தாள், அத்தை மகன்கள் இருந்தார்கள். நிஜ மனைவி வெள்ளைக் குதிரையில் வருவாள் என்று அவன் பக்கத்து மண்கோட்டையில் மூன்று இரவுகள் காத்திருந்தான். வரவில்லை. வந்தது போலீஸ். கைமோசக் கொலை என்று 20 வருடத் தண்டனை, 15 வருடத்தில் விடுதலை.

நம்பிக்கை என்பது அவரவர் சொந்த விஷயம் என்கிறவர்கள், அந்த அறையில் கைகட்டி நின்ற உறவினர்களில் தாங்கள் யாராக இருந்திருப்பார்கள் என்று ஒருமுறை யோசித்துப் பார்க்கட்டும்.

மறுபடி லெப் கோட்டைக்கு. அங்கே வாழ்ந்த டார்பி குடும்பத்து மருமகள் மில்ட்ரெட் டார்பி. கோட்டையில் ஆட்டின் அளவில் ஓர் உருவத்தைக் கண்டதாகவும், அது அழுகிய பிணம்போல் நாறியதாகவும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் ஆவியுலகப் பத்திரிகையில் எழுதினார். லெப் கோட்டை உலகப் புகழ் பெற்றது அதனால்தான். அதே மில்ட்ரெட், ஆண்ட்ரூ மெரி என்ற புனைபெயரில் 1910-ல் 'தி ஹங்கர்' என்று ஒரு நாவலும் எழுதினார். பசி. 1845-ல் அயர்லாந்தில் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தைப் பற்றிய நாவல். ஆட்டுப் பேயை இன்று எல்லோருக்கும் தெரியும். பசியை எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தப் பஞ்சத்தில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு 10 லட்சம் பேர் கப்பலேறினார்கள். 1841-ல் 81 லட்சமாக இருந்த நாட்டில் 1851-ல் 65 லட்சம் பேர்தான் மிச்சம். பூஞ்சை போன்ற ஒரு கிருமி கிழங்கை அழுக வைத்தது, உண்மை. ஆனால் அந்த வருடங்களிலும் தானியம் ஏற்றுமதியானதற்குக் கிருமியா காரணம்? கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் கிடையாது என்று 1847-ல் சட்டம் போட்டதும் கிருமியா? லண்டன் கருவூலத்தில் நிவாரணப் பொறுப்பில் இருந்த சார்ல்ஸ் ட்ரெவெல்யன், இதிலெல்லாம் கடவுளின் சித்தத்தைக் கண்டு, 1848-ல் எழுதியும் வைத்தார். (இதே மனிதர்தான் 1859-ல் சென்னை மாகாணத்துக்கு ஆளுநராக வந்து இறங்கினார்.) கையெழுத்துப் போட்ட கை தன்னுடையது, பழி மட்டும் மேலே இருப்பவனுக்கு!

அந்த 10 லட்சம் பேரில் யாரும் புகழ்பெற்ற பேயாகவில்லை. பேயாவதற்கும் ஓர் அந்தஸ்து வேண்டும் போலிருக்கிறது. கோட்டை வேண்டும், குலப்பெயர் வேண்டும், படிக்கட்டு வேண்டும். பள்ளத்தில் மொத்தமாகப் போட்டு மூடப்பட்டவர்களுக்கு ஏது படிக்கட்டு?

லெப் கோட்டைக்கு என்றாவது போனால் இரத்த ஆலயத்துக்குக் கட்டாயம் ஏறிப் பாருங்கள். யாராவது குரலைத் தாழ்த்தி, "இந்த இடத்தில்தான் அந்த உருவம்..." என்று ஆரம்பித்தால் கையமர்த்துங்கள். அந்த மூன்று வண்டி எலும்புகளை எங்கே கொண்டுபோய்ப் புதைத்தார்கள் என்று கேளுங்கள்.