சேர்த்த பின்னும் தீராத கடன்

2011 ஜூனில் சிங்கப்பூர்த் தொலைக்காட்சியில் வெளியான காணொளி ஒன்று நாட்டையே தலைகுனிய வைத்தது. தாதிமை இல்லமொன்றில் மூதாட்டி ஒருவரை ஊழியர்கள் முரட்டுத்தனமாக நடத்தியதை, அவருடைய மகன் மறைத்து வைத்த கேமரா காட்டிக்கொடுத்தது. ஊழியர்களை ஏசித் தீர்த்தோம். ஐயப்பட்டுக் கண்காணிக்க ஒரு மகன் இல்லாவிட்டால் அந்த உண்மை வெளிவந்திருக்குமா என்று நினைத்துப் பார்த்தோமா?

இல்லத்தில் சேர்த்த பெற்றோரை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி இன்று பல வீட்டு வாசலில் நிற்கிறது. சிங்கப்பூரில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோரில் 8.8 விழுக்காட்டினருக்கு முதுமை மறதிநோய் இருப்பதாக மனநலக் கழகத்தின் 2023ஆம் ஆண்டு ஆய்வு கண்டறிந்தது. இவர்களை இல்லத்தில் சேர்ப்பது பாவமா? பாவமன்று. சேர்த்ததோடு கடன் தீர்ந்ததென்று திரும்பிப் பாராமலிருப்பதே பாவம்.

பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 1995இலேயே இங்கு இயற்றப்பட்டது. ஆனால் அது பணத்தைத்தான் கேட்டு வாங்கித் தரும். பெற்றோரை அடிக்கடி சென்று காண வேண்டும் என்று, 2013இல் நடப்புக்கு வந்த சட்டத்திலேயே சீனா எழுதி வைத்தது. நமக்கோ சட்டம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ஔவையின் கொன்றைவேந்தன் தொடங்குவதே தாய் தந்தையிடத்தில். முற்றும் துறந்த பட்டினத்தாரும் தாய்க்குக் கொள்ளி வைக்க வந்தார். எந்த அறத்தைக் கொன்றவர்க்கும் மீட்சி உண்டு, நன்றியைக் கொன்றவர்க்கு இல்லை என்பது வள்ளுவர் தீர்ப்பு.

“அம்மாவுக்குத்தான் என்னை அடையாளமே தெரியவில்லையே, போய் என்ன பயன்?” என்பார் உண்டு. மழை கைம்மாறு கருதிப் பெய்வதில்லை என்றவரும் வள்ளுவரே. தாய் நம்மைத் தூக்கி வளர்த்தபோது, நாம் அதை நினைவில் வைத்திருப்போமா என்று கணக்குப் பார்க்கவில்லை. புறநானூற்றின் 243ஆம் பாட்டில், கோலூன்றி இருமும் முதியவர் தாம் மடுவில் குதித்து மணலள்ளி வந்த இளமையை எண்ணி ஏங்குகிறார். அந்த இளமையைக் கேட்க ஒரு செவியாவது வேண்டாமா?

ஆகவே இல்லத்தைத் தெரிவு செய்யும்போது கட்டணத்தையும் கட்டடத்தையும் மட்டும் பார்க்காதீர்கள். மறதிநோயில் பின்னாளில் கற்ற மொழி முதலில் நழுவுவது பலரிடம் காணப்படுவது. ஆயுள் முழுதும் ஆங்கிலத்தில் வேலை பார்த்தவரும் தண்ணீரைத் தமிழில் கேட்கக்கூடும். அது விளங்கும் தாதி இருக்கிறாரா? ரசஞ்சோறு கிடைக்குமா? நடமாட இடம் உண்டா, நாற்காலியிலேயே உட்கார்த்தி வைப்பார்களா? உங்கள் வீட்டிலிருந்து எளிதில் போய்வரும் தொலைவா? 1948இல் தோன்றிய ஸ்ரீ நாராயண மிஷன் யீஷூனில் எல்லா இனத்தாருக்கும் இல்லம் நடத்துகிறது. பாசிர் ரிஸ்ஸின் ஏபெக்ஸ் ஹார்மனி லாட்ஜ் மறதிநோயாளர்களுக்கென்றே கட்டப்பட்டது. முடிவெடுக்கும் முன் நேரில் சென்று பாருங்கள். நினைவு தெளிவாக இருக்கும்போதே பெற்றோர் விருப்பத்தைக் கேட்டு, தம் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் நீடித்த அதிகாரப் பத்திரத்தையும் அவர்களை எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

வேலைப்பளு, வீவக வீட்டின் இடநெருக்கடி, பராமரிப்பவரின் களைப்பு எல்லாம் மெய்தான். பிள்ளையைக் கைவிட்ட பெற்றோர் வழக்கு வேறு; அதற்குப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 2023ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்திருக்கிறது. நம்மில் பலருக்கு அந்தச் சாக்கும் இல்லை.

ஞாயிறுதோறும் தேக்காவில் காய்கறி வாங்க நேரம் கிடைக்கிற நமக்கு, பெற்றோரைப் பார்க்க மட்டும் நேரமில்லை என்று சொல்ல வாய் வரக்கூடாது. இல்லத்தின் வருகை நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.