குழாய் முதலில் எத்தெருவிற்கு?

வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். மழை ஆளறிந்து பெய்வதில்லை. மாளிகைக்கும் குடிசைக்கும் ஒன்றாகவே பெய்கின்றது. அந்நீரை மனிதன் அணைகட்டித் தேக்கிக் குழாயில் அடைத்த பின்னரோ நிலைமை மாறிவிடுகின்றது. குழாய் தானாக ஓரிடத்திற்கும் செல்வதில்லை. ஒருவர் வரைபடத்தில் கோடிட்டால்தான் செல்லும். ஆகவே, நகரசபையார் குடிநீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் நீட்டத் திட்டமிடுங்கால், "முதலில் எத்தெருவிற்கு?" என்னும் வினா பொறியாளரின் கணக்கு மட்டுமன்று, அது அறத்தைப்பற்றிய வினாவுமாகும் என்பதே நம் கருத்து.

சிங்கப்பூரின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். நகர மக்களுக்கு நல்ல தண்ணீர் வேண்டுமென்று 1857-இல் டான் கிம் செங் என்னும் சீன வணிகர் 13,000 வெள்ளி அளித்தார். அத்தண்ணீரைக் காணாமலே அவர் 1864-இல் மறைந்தார். தாம்சன் சாலைப் பக்கத்து நீர்த்தேக்கம் 1868-இல் முடிவுற்றது. நீரை இறைத்து ஊருக்குள் அனுப்பும் பொறிகளும் குழாய்களும் அமைய, பின்னும் ஏறக்குறையப் பத்தாண்டுகள் சென்றன. கழிவுநீர்க் குழாயோ 1910-களிலேதான் தலைகாட்டிற்று. வரும் நீருக்கு வழி செய்தவர்கள் போகும் நீரை நெடுங்காலம் மறந்திருந்தனர். 1907-இல் வெளிவந்த பேராசிரியர் சிம்சனின் அறிக்கை, காற்றும் வெளிச்சமும் புகாத வீடுகளில் ஏழை மக்கள் நெருங்கி வாழ்ந்த அவலத்தை எடுத்துரைத்தது. மலவாளி சுமக்கும் முறை அந்நகரில் முற்றும் ஒழிந்தது 1987-இல். முதற் குழாய்க்கும் கடைசி வாளிக்கும் இடையே எழுபது ஆண்டுகளுக்கு மேல்!

"வரி கொடுப்போர் தெருவிற்கன்றோ முதலிற் குழாய் போகவேண்டும்?" என்று வினவுவாரும் உளர். வரி கொடாதார் யார்? வீட்டின்மேல் விதித்த வரியை வீட்டுக்காரர் தம் கையால் செலுத்துகின்றார். ஆயின் அதை வாடகையோடு சேர்த்துக் குடியிருப்போனிடமே வாங்கிக்கொள்ளுகின்றார். ஓர் அறையில் எண்மர் முடங்கிக் கிடந்தால், எண்மரும் வரி கொடுத்தவரே. பெயர் பதிவேட்டில் இல்லை என்பதனால் பணம் அவர்களுடையதன்று என்றாகிவிடுமா?

இனி, தன்னலத்தைக் காட்டி நம்மை இணங்கச் செய்வோர் உளர். "ஏழைத்தெருவின் வாந்திபேதி நாளை நம் தெருவிற்கும் வரும், ஆகையால் அங்கும் குழாய் போடுவோம்" என்பர். இது மெய்யே. 1854-இல் இலண்டனில் பிராட் தெருவின் நீரிறைப்பானைச் சுற்றி மக்கள் மாண்டதை ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் ஆராய்ந்து, நோய் தண்ணீர்வழிப் பரவுவதைக் காட்டினார். ஆயினும் பெருங்கழிவுநீர்க் குழாய்களுக்கான சட்டம் விரைந்து நிறைவேறியது எப்பொழுது? 1858-ஆம் ஆண்டுக் கோடையில், தேம்ஸ் ஆற்றின் துர்நாற்றம் பாராளுமன்றத்தின் சன்னல்வழி நுழைந்த பொழுதே! ஏழைகளின் சாவால் அசையாதவர்கள் தம் மூக்கிற்கு வந்த துன்பத்தால் அசைந்தனர். தன்னலத்தை அடிப்படையாகக் கொண்ட அறம் இத்தகையதே. நாற்றம் எட்டாத தொலைவிற்குச் செல்வர் குடிபெயர்ந்துவிட்டால் அவ்வறமும் அன்றே ஓய்ந்துவிடும்.

ஆதலின் வேறோர் அடிப்படை வேண்டும். குழாய் இல்லாத வீட்டின் கழிவு எங்கே போயிற்று? ஒரு மனிதனின் தோள்மேல் போயிற்று. சிங்கப்பூரில் வாளி சுமந்தோரில் சீனத் தொழிலாளர் பலர். அவர்கள் நம் சாதிக்கட்டிற் பிறந்தவரல்லர், வயிற்றுப்பிழைப்பிற்காகச் சுமந்தனர். அதே சுமையைத் தாய்நாட்டில் நம்மவர் ஒரு கூட்டத்தாரின் பிறவிக்கடன் என்றனர். முன்வினை என்றும் கதைகட்டினர். சிங்கப்பூரிற் குழாய் வந்தது, வாளி போயிற்று. அவ்வளவுதான். விதி என்று நாம் சொல்லி வந்தது வெறும் குழாயின்மையே என்பது இப்பொழுது விளங்கவில்லையா? ஆனால் குழாய் மட்டும் போதாது. இந்தியாவில் 1993-இலும் 2013-இலும் இதற்கெனச் சட்டங்கள் இயற்றப்பட்ட பின்னரும், கழிவுநீர்க் குழிக்குள் மனிதனை இறக்கிச் சாகவிடும் கொடுமை ஓயவில்லை. மண்ணிற் புதைத்த குழாய் மனத்திலுள்ள சாதியைத் தானே கழுவிவிடாது.

தோட்டத்தில் வாழ்ந்தோருக்கு இதனை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. பங்களாவிற்குள் பல குழாய்கள், லயத்திற்கு வெளியே பலருக்கும் பொதுவாக ஒரு குழாய் என்ற ஏற்பாட்டை, விடியுமுன்னே தகரவாளியுடன் வரிசையில் நின்ற நம் தாய்மார் அறிவர். "அழுக்கர்" என்ற பழியும் அவர்கள்மேலேயே விழுந்தது. தண்ணீர் கொடாமல் தூய்மை கேட்பது என்ன நியாயம்?

எனவே நாம் வேண்டுவது இதுவே. எவன் இல்லாமையால் மிகத் துன்புறுகின்றானோ, எத்தெருவில் ஒருவன் பிறர் கழிவைத் தொட நேருகின்றதோ, அங்கே முதற் கோடு இடப்படுக. நகரசபையார் திட்டப்படத்தை மக்கள் பார்வைக்கு வைக்கும்போது, கோடு நம் வீட்டிற்கு வந்துவிட்டதா என்று மட்டும் பார்த்துத் திரும்புவது நம் வழக்கம். அன்பர்களே, அக்கோடு எங்கே நின்றுவிடுகின்றது, அதற்கப்பால் வாழ்வோர் யாவர் என்பதையும் பார்த்துக் கேள்வி கேளுங்கள்.