முதலில் காதில் விழுந்த சொல்

கடலூர் துறைமுகம் ஸ்டேஷனில் பாசஞ்சர் ஏறினால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, அப்புறம் சிதம்பரம். ஜன்னலோரம் இடம் கிடைத்த நாளில், தமிழ்க் கிறிஸ்தவப் பாட்டு பிறந்த வழியிலேயே போகிறோம் என்று எனக்குத் தோன்றும்.

1740-இல் கடலூர்க் கரையில் வந்திறங்கினார் ஜெர்மானிய மிஷனரியான பப்ரிசியஸ் ஐயர். தம் ஊர் ராகங்களுக்குத் தமிழ்ச் சொல்லைப் பொருத்த ஆண்டுக்கணக்கில் உழைத்தார். குறிலும் நெடிலும் அந்த மெட்டில் எளிதில் உட்காராது. கடைசிக் காலத்தில் கடனுக்காகச் சிறையில் கிடந்து, 1791-இல் சென்னையில் இறந்தார். அவருடைய ஞானப்பாட்டுகள் மட்டும் இன்றும் ஞாயிறுதோறும் ஆலயங்களில் எழுகின்றன.

சிதம்பரத்தின் கதை அதற்கும் முந்தியது. சீர்காழி முத்துத்தாண்டவர் நாள்தோறும் கொள்ளிடம் கடந்து தில்லைக்கு வருவாராம். சன்னிதியில் முதலில் யார் வாயிலிருந்து எந்தச் சொல் காதில் விழுகிறதோ, அதை முதலாக வைத்து அன்றைய பாட்டைப் பாடுவாராம். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று தமிழில் கீர்த்தனைக்கு வடிவம் தந்த முன்னோடி அவர். பாடுகிறவனுக்கு முதல் வேலை காதைத் திறந்து வைப்பதுதான் என்று இதைவிட எளிதாக யாரும் சொல்லித்தந்ததில்லை.

இந்த இரண்டு ஓசையும் ஒருவர் வாழ்வில் கலந்தன. 1750-இல் இதே கடலூரில் கரையேறிய சுவார்ட்ஸ் ஐயர், பின்னாளில் பாளையங்கோட்டைச் சிறுவன் ஒருவனைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய்ப் படிக்கவைத்தார். 1774-இல் பிறந்த அந்தப் பிள்ளைதான் வேதநாயக சாஸ்திரியார். இளவரசர் சரபோஜிக்கு உடன் படித்த தோழர். ஞானப்பாட்டில் வளர்ந்தவர், கோயிலிலும் அரண்மனையிலும் தெருக்கூத்திலும் கேட்டதையெல்லாம் கிறிஸ்துவுக்கென்று வாங்கிக்கொண்டார். குறத்தி குறிசொல்லும் குறவஞ்சியையே பெத்லகேமுக்குக் கொண்டுபோனவர் அவர். பிறகு வந்த மிஷனரிகளுக்கு அவருடைய இசை உறுத்தியது, அவர் அசையவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஆலயத்துக்குள் சாதி வேற்றுமையைக் கைவிட மறுத்து வாதாடியவர்களில் அவரும் ஒருவர். இத்தனை ஓசைகளை ஏற்ற காது, ஒதுங்கி உட்காரவைக்கப்பட்டவரின் பெருமூச்சைக் கேட்கவில்லை. அவர் கீர்த்தனையைப் பாடும்போதெல்லாம் இந்த நினைப்பும் கூடவே வரும். பாட்டை நிறுத்த மாட்டேன். குரல் மட்டும் கொஞ்சம் தாழும்.

இன்று கீபோர்டும் ரிதம் பேடும் வந்துவிட்டன. கத்தோலிக்கக் குருவாக இருந்த பெர்க்மான்ஸ் 'ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்' என்று தொகுதி தொகுதியாகப் பாடிக் கொடுத்தார். ஒருமுறை கேட்டால் கூடப் பாடிவிடலாம்; பாட்டுப்புத்தகம் வேண்டாம். சங்கீதம் தெரிந்தவர்கள் உதட்டைப் பிதுக்குவதுண்டு. எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தெரியாத பாட்டிகள் கண்ணை மூடிக்கொண்டு அதைப் பாடுவதைக் கண்டபின் எனக்கு அந்தப் பிதுக்கல் வரவில்லை.

முத்துத்தாண்டவருக்கு ஒருநாள் சன்னிதியில் யாரும் வாய் திறக்கவில்லையாம். வெகுநேரம் நின்றாராம். கடைசியில் அந்தப் பேசாமையையே எடுத்துப் பாடினாராம். கிள்ளையில் வண்டி நிற்கும்போது இறங்குவோர் இறங்கியபின் சற்று நேரம் ஒரு சத்தமும் இருக்காது. உப்பங்கழிக் காற்று மட்டும் பெட்டிக்குள் வந்து போகும்.