கழுவாத பிலிம்

கழுவாத பிலிம் சுருள் ஒரு விசித்திரமான பொருள். உள்ளே படம் இருக்கிறது. ஆனால் திறந்து பார்த்தால் இருக்காது; வெளிச்சம் பட்டால் போச்சு. மற்ற எதையும் ‘சந்தேகமா, பிரித்துப் பாருங்கள்’ என்று நீட்டிவிடலாம். இதை அப்படி நீட்ட முடியாது. விமான நிலையச் சோதனையோ எல்லாவற்றையும் பார்ப்பதற்காகவே இருக்கிறது. இந்த இரண்டும் எதிரெதிரே நிற்கும்போதுதான் எனக்கு அந்தக் கேள்வி வருகிறது: எனக்கு மட்டும் விதியைக் கொஞ்சம் தளர்த்துங்கள் என்று கேட்க எனக்கு என்ன உரிமை?

எக்ஸ்ரேயும் புகைப்படமும் ஒரு காலத்தில் கூட்டாளிகள். 1895இல் ரான்ட்ஜன் தன் மனைவியின் கை எலும்புகளைப் பதிவுசெய்தது புகைப்படத் தட்டில்தான். அடுத்த ஆண்டு, கறுப்புத் தாளில் சுற்றி இழுப்பறைக்குள் வைத்திருந்த தட்டு யுரேனிய உப்பால் கருத்திருப்பதைப் பார்த்துத்தான் பெக்கரல் கதிரியக்கத்தை அடையாளம் கண்டார். அன்று அந்தக் கருமை கண்டுபிடிப்பு. இன்று எங்களுக்கு அது ‘ஃபாக்’: நிழல்கள் சாம்பல் பூத்த, உயிரில்லாத படம்.

கைப்பைகளுக்கான பழைய எக்ஸ்ரே இயந்திரங்களில் ஐஎஸ்ஓ 400 சுருள் ஒன்றிரண்டு முறை போய்வந்தால் பெரிதாக எதுவும் தெரியாது. செக்-இன் பெட்டிகளைப் பார்க்கும் ஸ்கேனர்கள் வேறு ரகம். அங்கே கழுவாத பிலிமை வைக்கவே கூடாது. இப்போது கைப்பை வரிசைக்கும் சிடி ஸ்கேனர்கள் வந்துவிட்டன. பல கோணங்களில் சுற்றிப் படமெடுப்பதால் கதிரின் அளவும் கூடுதல். ஈய உறைக்குள் ஒளித்தாலும் திரையில் கறுப்புக் கட்டியாகத்தான் தெரியும். பையைத் திறக்கச் சொல்வார்கள்.

இதில் என்னை உறுத்துவது, சேதம் கூடிக்கொண்டே போகும் என்பது. நான்கு நாடுகள், ஆறு இயந்திரங்கள். ஒவ்வொன்றும் ‘என்னால் ஒன்றும் ஆகாது’ என்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் அது உண்மையாகவும் இருக்கலாம். ஊருக்கு வந்து கழுவிப் பார்க்கும்போது படம் மங்கியிருக்கும். குற்றவாளி என்று யாரும் இருக்க மாட்டார்கள். மென்பொருள் வேலையில் இது எனக்கு நன்றாகப் பழகிய விஷயம். ஒவ்வொரு சர்வீசும் சில மில்லி செகண்ட்தான் எடுத்துக்கொள்ளும், கடைசியில் பக்கம் திறக்காது. ஆனால் அங்கே லாக் இருக்கும், தேடிப் பிடிக்கலாம். பிலிமில் லாக் கிடையாது. பின்னால் யாரையும் கேட்க முடியாது என்பதால், முன்னால் கேட்பது ஒன்றுதான் வழி.

அதனால் கேட்கிறேன். அமெரிக்காவில் கழுவாத பிலிமைக் கையால் சோதிக்கச் சொல்லலாம் என்று டிஎஸ்ஏவே சொல்கிறது. வேறு பல இடங்களில் அது எதிரே நிற்பவரின் மனசைப் பொறுத்தது. ஒருமுறை ஓர் அலுவலர் என் ஒன்பது சுருள்களையும் ஒவ்வொன்றாகத் துணிப்பட்டையால் துடைத்து, வெடிமருந்துத் தடயம் பார்க்கும் கருவியில் வைத்தார். பின்னால் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டபடி ஒரு பெண். என் படங்களுக்கான விலையை அவரும் சேர்ந்துதான் கொடுத்தார். அதனால் சில கடமைகள் எனக்கு உண்டு என்று நினைக்கிறேன். சீக்கிரம் போகணும், டப்பாக்களை எடுத்துவிட்டுச் சுருள்களைக் கண்ணாடிப் பையில் போட்டு வைக்கணும், ஒரு தடவை பணிவாகக் கேட்கணும், முடியாது என்றால் வாதாடாமல் நகரணும். முடியாது என்கிறவர் வில்லன் இல்லை. அவரால் உள்ளே பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

ஆனால் கேட்பதற்கே ஒரு தைரியம் வேண்டியிருக்கிறது. ஆங்கிலம் சரளமாக வரணும். கையிலிருக்கும் பாஸ்போர்ட்டைப் பார்த்து யாரும் புருவத்தை உயர்த்தக் கூடாது. முதன்முறையாக வேலைக்குப் போகிறவர், பெல்ட்டைக் கழற்றச் சொன்னாலே பதறுகிறவர், எதையும் கேட்க மாட்டார். அவர் பையிலும் கழுவாத கல்யாணப் படம் இருக்கலாம். சத்தமாகக் கேட்கத் தெரிந்தவனுக்கு மட்டும் கிடைக்கும் விலக்கு, காகிதத்தில் உரிமையாக இருந்தாலும், நடைமுறையில் சலுகைதான்.

அதற்காக நான் கேட்பதை நிறுத்தினால் அவருக்கு எதுவும் கிடைத்துவிடாது. இயந்திரத்தின் பக்கத்தில் ‘கழுவாத பிலிம் இருந்தால் சொல்லுங்கள்’ என்று ஒரு வரி ஒட்டியிருந்தால் போதும். அப்போது கேட்பவனுக்குத் துணிச்சல் தேவைப்படாது. கேட்கத் தெரியாதவரையும் அந்த வரியே கேட்க வைக்கும்.