கருவியின் சான்றும் மனிதரின் தீர்ப்பும்

கண்ணாற் கண்டதும் பொய், காதாற் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது பழமொழி. கண்ணுக்கும் காதுக்கும் மாற்றாகக் கருவிகளே சான்று பகரும் இக்காலத்தில், அம்மொழி பயனற்றுப் போய்விட்டதா? ஈண்டு ஆராயத்தக்க வினா இதுவே.

மதுரையில் கோவலன் கொலையுண்டது சான்று இல்லாமையால் அன்று. சிலம்பினுள்ளே சான்று இருந்தது. அதைத் திறந்து பார்க்குமுன் தீர்ப்பு முந்திக்கொண்டது. கண்ணகி உடைத்தபோது மாணிக்கம் தெறித்தது. ஆனால் போன உயிர் மீளவில்லை.

இன்றைய மகிழுந்துகள் பலவற்றுள்ளும் அத்தகைய சிலம்பு ஒன்று உண்டு. காற்றுப்பையை விரியச் செய்யும் மின்னணுப் பெட்டியே மோதலுக்கு முந்தைய சில விநாடிகளையும் நினைவில் வைக்கிறது. அக்கருவி பொருத்தப்பட்ட வண்டிகளில் 5 விநாடிகளின் வேகமும் பிரேக் நிலையும் பதியவேண்டும் என அமெரிக்கா 2006இல் விதி வகுத்தது. வேகம் எவ்வளவு, பிரேக் மிதிக்கப்பட்டதா, இருக்கைவார் அணியப்பட்டிருந்ததா என்பனவற்றை வல்லுநர் அதிலிருந்து படித்தறிவர்.

எனினும், படிப்பது வேறு. பொருள் கொள்வது வேறு. அப்பெட்டி பதியும் வேகம் பெரும்பாலும் சக்கரச் சுழற்சியைக் கொண்டு கணிக்கப்படுவது. ஈரச் சாலையில் சக்கரம் இறுகி நின்று வண்டி வழுக்கிச் சென்றால், பதிவு காட்டும் வேகம் உண்மை வேகத்தினும் குறைவாக இருக்கும். கருவி பொய் சொல்வதில்லை. ஆனால் தனக்குத் தெரிந்ததை மட்டுமே சொல்லும். பிரேக் மிதிக்கப்படவில்லை என்று அது கூறும். அயர்வாலா, அச்சத்தாலா, அலட்சியத்தாலா என்று கூறாது.

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா இப்பாடத்தை நேரில் கண்டது. 2013 டிசம்பர் 8ஆம் நாள் இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழகத் தொழிலாளர் ஒருவர் தனியார் பேருந்தின் அடியில் சிக்கி உயிரிழந்தார். ஓட்டுநரே கொன்றார் என்றும், மீட்க வந்தோர் அத்தொழிலாளரைப் புறக்கணித்தனர் என்றும் கூட்டத்தினர் பலர் எண்ணினர். துயரம் சினமாயிற்று; சினம் கலவரமாயிற்று; வாகனங்கள் எரிந்தன. பேருந்தின் நிகழ்படக் கருவியோ வேறொன்றைப் பதிந்திருந்தது: நகரும் வண்டியின் மீது கைவைத்தபடி உடன் நடந்தவர், நிலைதடுமாறி விழுந்தார். 2014இல் ஓட்டுநர்மீது வழக்குத் தொடுப்பதில்லை என முடிவாயிற்று.

அக்கருவி இல்லையேல் ஓட்டுநர் ஒருவரின் வாழ்வு பழியில் மூழ்கியிருக்கக்கூடும். ஆயின், அத்தனை பேர் ஏன் அவ்வாறு நம்பினர் என்பதை அந்தக் கருவியால் கூற இயலுமோ? அதனை அறிய, முன்னாள் நீதிபதி பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு மனிதர்களையே அழைத்துக் கேட்க வேண்டியிருந்தது.

ஆகவே, பழமொழி பழையதாகிவிடவில்லை. கருவி சான்று தரும், தீர்ப்புத் தராது. சான்று வெளிப்படும்வரை பொறுத்திருப்பதும், வெளிப்பட்டபின் அது சொல்லாதவற்றையும் தேடுவதும் மனிதரின் கடன். பொறுமையின்றேல், எத்துணை நுண்கருவி இருந்தும் நாம் மதுரை மன்னனின் பிழையையே மீண்டும் செய்வோம்.