தாழம்பூவின் சாட்சி

எங்கள் ஊர்க் கோயில் லிங்கத்தைப் பிரதிஷ்டை செய்தவர் பிரம்மா என்கிறது தலபுராணம். கிழக்கே பதினொரு நிலை ராஜகோபுரத்தோடு நிற்கும் பெரிய கோயிலுக்கு வருகிற பலருக்கு, மலையின் மேற்குப் பக்கத்தில் அடி அண்ணாமலை என்ற எங்கள் ஊரும், அதில் ஆதி அருணாசலேஸ்வரர் சன்னதியும் இருப்பது கிரிவலம் நடந்து வரும்போதுதான் தெரியும். மாணிக்கவாசகருக்கு இங்கே தனிக்கோயில் உண்டு. ஆனால் சின்ன வயசிலிருந்து என் மனசு சுற்றிச் சுற்றி வருவது அந்தப் பிரம்மாவிடம்தான். சிவன் ஜோதியாக எழுந்து நின்றபோது, அன்னமாகப் பறந்து அதன் முடியைத் தேடியவர் அவர். களைத்துப்போய், மேலிருந்து விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, முடியைக் கண்டேன் என்று பொய் சொன்னவர். அடியைத் தேடிப்போன திருமால் காணவில்லை என்று ஒப்புக்கொண்டார். உச்சியைத் தொட நினைத்துத் தோற்றவர் கடைசியில் மலையடிவாரத்தில் உட்கார்ந்து பூஜை செய்த இடம் எங்கள் ஊர் என்று நம்பியே வளர்ந்தேன்.

அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தினேன். பகலில் இந்த மலை 2668 அடி உயரம் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, சாயங்காலம் வாசலில் அதே மலையைப் பார்த்து விளக்கு வைப்பேன். ஒன்று மற்றதைப் பொய்யாக்குவதாக ஒருநாளும் தோன்றியதில்லை. அப்படி இருந்த எனக்கு, போன வருஷம் எங்கள் மாடியில் தங்கிய ஒரு பையன் கேட்ட கேள்விக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அவன் நார்வேயில் பிறந்தவன். தாத்தா யாழ்ப்பாணத்துக்காரர், 1980களில் பலரைப்போலவே வடகோடி ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலை வேலைக்குப் போனவர். அம்மாவோடு கிரிவலம் வந்திருந்தான். கார்த்திகை தீபத்துக்கு முன்பு இரண்டு நாள் மலையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவன் என்னிடம் வந்து, “அன்ரி, இவ்வளவு தூரம் வந்திட்டு மேல போகாட்டி மலையைப் பாத்ததெண்டு எப்பிடிச் சொல்றது? எங்கட இடத்தில மலை எண்டா ஏறத்தான்” என்றான். “முதல்ல சுத்திட்டு வா தம்பி, அப்புறம் பேசலாம்” என்றேன். சுற்றிவிட்டு வந்தான். கால் வீங்கியிருந்தது, கேள்வி அப்படியே இருந்தது.

அவன் கைப்பேசியில் காட்டிய இடங்களை நான் பாடம் நடத்தியிருக்கிறேன், இப்படிப் பார்த்ததில்லை. பனியுகத்துப் பனியாறுகள் பாறையை உளி போல் குடைந்துவிட்டுப் போன பள்ளத்தில் கடல் ஏறி நிற்கிற இடம்தான் ஃபியோர்டு. சோக்னே ஃபியோர்டு 200 கிலோமீட்டருக்கு மேல் நிலத்துக்குள் நுழைகிறது, ஆழம் சுமார் 1300 மீட்டர். நம் மலையை அதற்குள் இறக்கினால் தீபக் கொப்பரையும் சேர்ந்து முழுகிவிடும். அடுத்து ஒரு பாறையைக் காட்டினான். நாக்குபோல் வெட்டவெளியில் நீட்டிக்கொண்டிருந்தது, கீழே ஏரி, பாறை நுனியில் கையை விரித்துக்கொண்டு அவன். ட்ரோல்துங்கா என்று பெயர். போக வர சுமார் 27 கிலோமீட்டர், கிட்டத்தட்ட இரண்டு கிரிவலம். 2010 வாக்கில் வருஷத்துக்குச் சில நூறு பேர் ஏறிய இடத்துக்கு 2016இல் 80,000 பேர் போனார்களாம். படத்தில் அவன் மட்டும்தான் நிற்கிறான். அந்தப் படத்துக்காக வரிசையில் எவ்வளவு நேரம் நின்றான் என்பதை அவனே சொன்னான்.

அப்போதுதான் எனக்குத் தாழம்பூ ஞாபகம் வந்தது. பையனைப் பொய்யன் என்று சொல்லவில்லை. அவன் ஏறியது நிஜம், அந்தக் குளிரும் மூச்சு வாங்கியதும் நிஜம். ஆனால் உச்சியைக் கண்டேன் என்று பிறருக்கு நிரூபிக்க ஒரு சாட்சி தேவைப்படும் இடத்தில் மனசு மலையை விட்டு நழுவி, பார்க்கப்போகிறவர்களிடம் போய்விடுகிறது. பிரம்மாவுக்கும் நேர்ந்தது அதுதான் என்று நினைக்கிறேன். முடியைக் காணாதது அவர் குற்றமல்ல. ஜோதியின் நடுவே பறந்துகொண்டிருந்தவர், கீழே திரும்பிப் போய் என்ன சொல்வது என்று யோசித்தாரே, அந்த இடத்தில்தான் தரிசனம் கைவிட்டுப் போனது.

நார்வேயிலேயே ஓர் அருவிக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். மார்டால்ஸ்ஃபோஸன் 700 மீட்டருக்கு மேல் விழுகிற அருவி. நீர்மின் திட்டத்துக்காக அதன் தண்ணீரைத் திருப்பத் தீர்மானித்தபோது, 1970இல் ஜனங்கள் பாறையில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். போலீஸ் தூக்கிக்கொண்டு போனவர்களில் ஒருவர் ஆர்னே நேஸ் என்ற தத்துவப் பேராசிரியர். போராட்டம் தோற்றது. இன்று ஜூன் 20 முதல் ஆகஸ்ட் 20 வரை, சுற்றுலாப் பயணிகள் வரும் காலத்தில் மட்டும், அருவியைத் திறந்துவிடுகிறார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓர் அருவி தனக்காக விழக் கூடாது, தவளைக்கும் பாசிக்கும் விழக் கூடாது, பார்க்க ஆள் இருந்தால் மட்டும் விழலாம். இயற்கைக் காட்சி என்று சொல்லி மலையையும் நீரையும் ரசிக்கிற மனசு கடைசியில் போய் நிற்கிற இடம் இதுவோ என்று பயமாக இருந்தது.

நேஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், அவர் நமக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. 1912இல் பிறந்தவர். ஹாலிங்ஸ்கார்வெ என்ற மலையில் 1500 மீட்டர் உயரத்தில், 1930களின் கடைசியில், ட்வெர்காஸ்டைன் என்று ஒரு குடில் கட்டிக்கொண்டு வாழ்நாளில் பல வருஷங்களை அங்கே கழித்தார். காந்தியை ஆழ்ந்து படித்து 1955இல் காந்தியின் அரசியல் அறம் பற்றி இன்னொருவரோடு சேர்ந்து புத்தகம் எழுதினார். கீதையிலிருந்து, எல்லா உயிரிலும் தன்னைக் காண்பதை எடுத்துக்கொண்டார். இங்கே இரண்டு சம்பவங்களைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது. 1950 ஏப்ரல் 14ஆம் தேதி ரமண மகரிஷி இந்த மலையடியில் உடலை விட்டார். 16 வயசில் இங்கே வந்தவர், 54 வருஷம் மலையை விட்டு எங்கும் போகவில்லை. அதே 1950 ஜூலையில், நேஸ் தலைமையில் போன நார்வே குழு, 7708 மீட்டர் உயரமான திரிச் மீர் சிகரத்தில் முதன்முதலாக ஏறியது. நேஸும் உச்சியில் நின்றார். உச்சி தெரியாமல் பேசியவர் அல்ல.

அந்த மனிதர் 1971இல் இரண்டு நண்பர்களோடு நேபாளத்தில் ரோல்வாலிங் பள்ளத்தாக்குக்குப் போனார். அங்கே கௌரிசங்கர் சிகரத்தை ஷெர்பாக்கள் சேரிங்மா என்ற தாயாகக் கும்பிடுகிறார்கள். பெடிங் என்ற ஊர் மக்களிடம் அவர் கேட்டார்: மலையேறிகள் வந்தால் சுமைகூலி கிடைக்கும், காசு வரும், தாய் மலை தீண்டப்படாமல் இருக்க வேண்டுமா, வருமானம் வேண்டுமா? ஊர் கூடி, மலையை யாரும் ஏற வேண்டாம் என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. அந்தக் கோரிக்கையை அரசாங்கத்திடம் கொண்டுபோனார்கள். பலன் இல்லை, 1979இல் அந்தச் சிகரத்திலும் ஏறிவிட்டார்கள். ஆனாலும் ஓர் ஏழை ஊர் காசை வேண்டாம் என்று சொன்னதும், உலகத்தின் பெரிய உச்சி ஒன்றில் ஏறி வந்தவர் அவர்களோடு நின்றதும் எனக்குப் பெரிய புராணமாகவே படுகிறது.

நேஸ் சொன்னதில் நான் உடன்படாத இடமும் உண்டு. நான் என்பது விரிந்துகொண்டே போய் மலையையும் ஆற்றையும் உள்ளடக்கிக்கொண்டால், அவற்றைக் காப்பது தன்னைக் காப்பதுபோல் இயல்பாகிவிடும் என்றார். அத்வைதம் படித்தவர்களுக்கு இது இனிக்கும். நான் சைவ வீட்டில் வளர்ந்தவள். மலையும் நானும் ஒன்று என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. மலை பெரிது, நான் அதன் அடியில் கிடப்பவள். அந்த வித்தியாசத்தில்தான் என் பக்தியே உயிரோடு இருக்கிறது. மெய்கண்டார் சிவஞானபோதத்தின் கடைசிச் சூத்திரத்தில் அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் சிவனென்றே தொழச் சொல்கிறார். ஆலயத்தையே சிவனாகத் தொழலாமென்றால், லிங்கமாகவே நிற்கிற மலையை நான் வேறாக நினைப்பேனா? என்னைப் பெரிதாக்கி அதைக் காப்பாற்ற வேண்டாம். அது என்னைவிடப் பெரிது என்பதற்காகவே காப்பாற்றலாம்.

இதைப் பையனிடம் சொன்னேன். அவன் மரியாதையாகத்தான் கேட்டான். “அப்ப அன்ரி, கடவுள் எண்டு சொல்லுற மலையைச் சுத்தி இவ்வளவு பிளாஸ்டிக் ஏன்? எங்கட ஆக்களுக்கு மலை கடவுள் இல்லை, ஆனா குப்பையைப் பையில போட்டுத் திருப்பிக் கொண்டு வந்திடுவினம்.”

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. நார்வேயில் 1957 முதல் ஒரு சட்டம் இருக்கிறது: பயிரிடாத நிலம் யாருடையதாக இருந்தாலும் எவரும் நடக்கலாம், கூடாரம் போடலாம், பாழாக்கக் கூடாது. கடவுளைச் சொல்லாத சட்டம் அது. இங்கே பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான பாதங்கள் செருப்பில்லாமல், இடது ஓரமாக, சித்தர்களுக்கு வழிவிட்டு நடக்கின்றன. விடிந்ததும் பாதையில் டம்ளரும் தொன்னையும் கிடக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத சித்தருக்கு ஒதுங்கத் தெரிந்த நமக்கு, கண்ணுக்குத் தெரிகிற மலைக்கு ஒதுங்கத் தெரியவில்லை. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது மலை மொட்டையாகத்தான் இருந்தது. விறகுக்கும் கூரைப் புல்லுக்கும் போனவர்கள் எங்கள் ஜனங்கள்தான். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனசு வராது, அடுப்பு எரிய வேண்டுமே. ஆனால் வருஷா வருஷம் கோடையில் தீ ஏறுவதைத் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம். அதற்கு அடுப்பைக் காரணம் சொல்ல முடியாது.

மரம் திரும்பி வந்த கதையில் இருக்கிற முடிச்சு ஆச்சரியமானது. ரமணாசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த ஓர் ஆஸ்திரேலியப் பெண்மணி 1987இல் ஜான் சீட் என்ற மழைக்காட்டுப் போராளிக்கு, இந்த மலையைக் காப்பாற்ற உதவுங்கள் என்று கடிதம் போட்டார். அதையொட்டி 1988இல் அண்ணாமலை காடு வளர்ப்புச் சங்கம் தொடங்கியது. அதே 1988இல் ஜான் சீட் வேறு மூன்று பேரோடு சேர்ந்து, மலையைப்போல் சிந்திப்பதைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அந்த மூவரில் ஒருவர் ஆர்னே நேஸ். ஹாலிங்ஸ்கார்வெ குடிலில் பிறந்த ஓர் எண்ணம் எங்கள் மலைச்சரிவில் கன்றாக முளைத்திருக்கிறது. பிறகு எத்தனையோ பேர், உள்ளூர்க்காரர்களும் வெளியூர்க்காரர்களும், தண்ணீர் சுமந்து வளர்த்த காடுதான் இன்று தெரிகிற பச்சை. கடவுள் என்று சொல்லாதவர்களின் எண்ணம், கடவுள் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தவர்களின் சாமிக்கு உடுப்பு கொடுத்தது. இதை வெட்கமாக நினைக்கவில்லை, அருள் என்று நினைக்கிறேன். சிவன் யாரைக் கொண்டு வேலை வாங்கிக்கொள்வான் என்று நாம் சொல்ல முடியாது.

ஆனால் 2024 டிசம்பர் 1ஆம் தேதிக்குப் பிறகு இப்படி அருள் என்று எழுதுவது எளிதாக இல்லை. ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு பெயர்ந்து வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் விழுந்தது. ஏழு பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். மலை கோபித்துக்கொண்டது என்று என் காதுபடப் பேசினார்கள். அந்தப் பேச்சை நான் ஏற்க மாட்டேன். அந்தக் குழந்தைகள் என்ன அபசாரம் செய்தார்கள்? கோபத்தில் குழந்தையைக் கொல்கிற ஒன்றை நான் எப்படி அப்பனே என்று கூப்பிடுவேன்? மலைக்கு உடம்பு உண்டு, அந்த உடம்புக்கு மழையில் ஊறுகிற மண்ணும் உருளுகிற பாறையும் உண்டு. சிவன் உடம்போடு நம் பக்கத்தில் வந்து நிற்கிறான் என்றால், உடம்பின் நியதிகளோடும்தான் நிற்கிறான். இதற்கு மேல் எனக்குத் தெளிவு இல்லை. குழந்தையை இழந்த ஒரு தாயிடம் போய் இதைச் சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை.

பையனின் நாட்டிலும் மலை விழுந்திருக்கிறது. 1934 ஏப்ரல் 7ஆம் தேதி தாஃப்யோர்டில் பாறை கடலில் சரிந்து, எழும்பிய அலையில் 40 பேர் போனார்கள். இன்று உலகமே படம் எடுக்க வருகிற கெய்ராங்கர் ஃபியோர்டுக்கு அருகில், ஓக்னெஸ் என்ற மலையில் விரிசல் விட்டிருக்கிறது. அது வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் நகர்வதைக் கருவிகள் வைத்து இரவும் பகலும் அளக்கிறார்கள், கீழே இருக்கிற ஊர்களுக்கு எச்சரிக்கைச் சங்கு வைத்திருக்கிறார்கள். நம் மலையிலும் அப்படி அளக்க வேண்டும் என்பேன். சாமி மேல் கருவியா என்று கேட்பவர்கள் இருக்கலாம். வயசான அப்பாவின் கையைப் பிடித்து நாடி பார்க்கிற பிள்ளையை யாரும் மரியாதை கெட்டவன் என்று சொல்வதில்லை. சரிவில் வீடு கட்டிக்கொண்டவர்களுக்கு வேறு இடத்தில் கௌரவமான வீடு கொடுத்துவிட்டு, பிறகு சரிவைக் காலி செய்யச் சொல்ல வேண்டும். அதுவும் கிரிவலத்தில் சேர்ந்ததுதான் என்பது என் கட்சி.

எங்கள் மலை சரிந்த அந்த 2024இல், நிபுணர்கள் மண்ணைப் பார்த்துவிட்டு ஆபத்து என்று சொன்னதால், டிசம்பர் 13 தீபத்துக்குப் பக்தர்கள் யாரையும் மேலே விடவில்லை. கொப்பரையும் நெய்யும் திரியும் தீபம் ஏற்றுகிற பர்வத ராஜகுலத்தாரோடும் பணியாளர்களோடும் மட்டும் போயின. பலருக்கு ஆற்றாமை. எனக்கு அப்படி இல்லை. எங்கள் ஊர்ப் பிரம்மா மேலே போய்க் கிடைக்காததை இங்கே கீழே உட்கார்ந்துதான் பெற்றார். ஊருக்குக் கிளம்பும்போது பையன், நார்வேயில் தான் ஏறப்போகிற அடுத்த மலையை முதலில் ஒருதரம் சுற்றி நடந்து பார்க்கப் போவதாகச் சொன்னான். அங்கே மலைகளைச் சுற்றப் பாதை இருக்காது, நடுவில் கடல் வந்துவிடும் என்று அவன் அம்மா சிரித்தாள். எங்களுக்குப் பாதை இருக்கிறது. தை, மாசியில் தீ பரவாமல் இருக்க மலையில் காய்ந்த புல்லை வெட்டிக் கோடு போடுவார்கள், இந்த முறை என் மருமகளும் போகிறேன் என்றிருக்கிறாள். என் முழங்காலுக்குச் சரிவு ஒத்துவராது. அடிவாரம்வரை மோர்ப்பானையைக் கொண்டுபோய் வைப்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறேன்.