கொடுத்தால் குறையுமா?

1561ஆம் ஆண்டு சூரிச் நகரில் ஒரு சிறு புத்தகம் அச்சானது. அச்சிட்டது கிறிஸ்டோஃப் ஃப்ரோஷாவரின் அச்சகம்; முப்பது ஆண்டுகளுக்கு முன் புகழ்பெற்ற சூரிச் விவிலியத்தை வெளியிட்ட அதே அச்சகம். இந்தப் புத்தகத்தில் இருந்தவையோ லேஸ் பின்னும் மாதிரிகள். எழுதியவர் ஒரு பெண். தன்னை ஆர்.எம். என்ற இரண்டு எழுத்துகளால் மட்டுமே குறிப்பிடுகிறார். 1536இல் வெனிஸ், இத்தாலி வணிகர்கள் வழியாக இந்த வித்தை இந்நாட்டுக்கு வந்ததென்றும், தான் பன்னிரண்டு ஆண்டுகளாக இதைக் கற்பித்து வருவதாகவும் சொல்கிறார். அவரைப் பற்றி நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய அவ்வளவுதான்.

கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் தன் மாதிரிகளை எதற்காக அச்சில் போட்டார்? புத்தகத்தை வாங்கியவர் இனி அவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதில்லையே?

கணினித் துறையில் ஆலோசகராக இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி பழைய கேள்வியாகத் தோன்றவில்லை.

முதலில் அந்த வித்தையைப் பார்த்துவிடலாம். கெட்டியான ஒரு திண்டு. அதன்மேல் துளையிட்ட மாதிரி அட்டை. குண்டூசிகள். நூல் சுற்றிய மெலிந்த மரக்கட்டைகள், ஜோடி ஜோடியாக. ஒரு நேரத்தில் இரண்டு ஜோடிகளைத்தான் கை ஆள்கிறது. அசைவுகளும் இரண்டே. நான்கு கட்டைகளில் நடுவில் உள்ள இரண்டில் இடதை வலதின்மேல் போட்டால் குறுக்கு. ஒவ்வொரு ஜோடியிலும் வலதை இடதின்மேல் போட்டால் முறுக்கு. குறுக்கு, முறுக்கு, குறுக்கு என்று போனால் துணிபோல அடர்ந்த பரப்பு. முதல் இரண்டோடு நிறுத்தினால் வலைபோலத் திறந்த பரப்பு. பின்னியது கலையாமல் குண்டூசி பிடித்துக்கொள்ளும். பூ, இலை, அன்னம் எல்லாம் இந்த இரண்டு அசைவுகளிலிருந்து பிறப்பவை. பூஜ்யமும் ஒன்றும் வைத்துப் பிழைப்பவன் இதை மரியாதையோடுதான் பார்க்க முடியும்.

சொல்லிக்கொடுக்க ஒரு மதியம் போதும். கை பழக ஆண்டுகள் ஆகும். ஆகவே மாதிரியை அச்சிட்டாலும் ஆசிரியரின் பிழைப்புக்கு ஆபத்தில்லை என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். அந்த ஆறுதல் அதிக நாள் நிற்காது. பழகிய கைகள் பெருகப் பெருக, ஒவ்வொரு கையின் விலையும் இறங்கும்.

கல்வி கொடுக்கக் கொடுக்கக் குறையாது என்று நம் வீடுகளில் சொல்லி வளர்த்தார்கள். புலிக்கு எல்லாம் கற்றுக்கொடுத்த பூனை மரம் ஏறுவதை மட்டும் ஒளித்துவைத்த கதையையும் அதே வீடுகளில்தான் சொன்னார்கள். இரண்டும் முரண் என்று நான் நினைக்கவில்லை. முன்னது கல்வியைப் பற்றியது. பின்னது பிழைப்பைப் பற்றியது. கல்வி குறையாது. கூலி குறையும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் ஆலோசகராக இருந்த ஒரு நிறுவனம் தன் கணக்குமுறை மென்பொருளைப் பராமரிக்கும் வேலையைச் சென்னைக்கு மாற்றியது. அதை இருபது ஆண்டுகளாகக் கவனித்துவந்தவர் ஐம்பதைக் கடந்த ஒரு சுவிஸ் பெண்மணி. தெரிந்ததையெல்லாம் மூன்று மாதத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டும். எங்கள் துறையில் இதற்கு ‘கே.டி.’ என்று பெயர். இடையில் பாலமாக இருந்தது நான். மறுமுனையில் வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளம்பெண். அவர் வீட்டின் முதல் பட்டதாரி. ஒருநாள் காபி இடைவேளையில் அந்தப் பெண்மணி கேட்டார்: “முழுவதையும் சொல்லிவிட்டால் எனக்கு என்ன மிச்சம்?” கோபமில்லை, கணக்குக் கேட்பதுபோலத்தான் கேட்டார். பிறகு ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் மாத முடிவில் அவர் வேலை முடிந்தது. ஆவணத்தில் ‘எழுதியவர்’ என்ற இடத்தில் ஒரு பிரிவின் பெயர் இருந்தது. ஆர்.எம்.முக்காவது இரண்டு எழுத்துகள் மிஞ்சின.

கொடுப்பதன் நியாயத்தை எடைபோட இன்னொருவரையும் பார்க்க வேண்டும். 1762 முதல் 1765 வரை நியூஷாத்தெல் பகுதியின் மோத்தியே கிராமத்தில் தஞ்சம் புகுந்திருந்தார் தத்துவவாதி ரூசோ. லேஸ் பின்னி ஆயிரக்கணக்கான பெண்கள் கூலி பெற்ற மலைநாடு அது. அவரும் நாடா பின்னக் கற்றுக்கொண்டார். போகும் வீடுகளுக்குத் திண்டைக் கையோடு எடுத்துப்போனார். பெண்களைப் போல வாசலில் அமர்ந்து பின்னினார். பின்னிய நாடாக்களைத் திருமணமாகும் தோழியருக்குப் பரிசளித்தார், பிறக்கும் குழந்தைக்குத் தாங்களே பாலூட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. இதை அவரே தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அழகான கதைதான். ஆனால் அக்கம்பக்கத்தில் முழக்கணக்கில் விற்றுச் சாப்பிட்டதை அவரால் சும்மா கொடுக்க முடிந்தது, அவர் அதை நம்பிப் பிழைக்காததால். நிபந்தனை போடும் உரிமையும் அதனால் வந்ததே.

இன்று சுவிட்சர்லாந்தில் இந்த வித்தையைப் போல ஒளிவுமறைவின்றிக் கைமாறுவது வேறொன்று இருக்குமா தெரியவில்லை. லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் அது இன்றும் உயிரோடிருக்கிறது. வயதான பெண்கள் வட்டமாக அமர்ந்து மாதிரிகளைப் பகிர்ந்துகொள்கிறார்கள். புதிதாக வருபவரின் கையைப் பிடித்துத் திருத்துகிறார்கள். அவர்கள் பெருந்தன்மையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கூலி வேலையாக இருந்த லேஸை இயந்திரம் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. இனி இழக்க ஒன்றுமில்லாத இடத்தில், மாத ஓய்வூதியம் பின்னால் நிற்க, பெருந்தன்மை எளிதாகிறது.

எதிர்ப்பக்கத்தில் நாகர்கோவில் இருக்கிறது. 1819இல் அங்கு வந்த லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட், தன் பள்ளிச் சிறுமிகளுக்கு இதே திண்டையும் கட்டையையும் கொடுத்து லேஸ் பின்னக் கற்பித்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது 1855இல்தான். அதற்கு முன்பே, பின்னி விற்ற பணத்தில் அடிமைப் பெண்கள் சிலர் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள். ஐரோப்பாவில் யாரோ தன் பிழைப்புக்காகக் காத்துவைத்திருக்கக்கூடிய வித்தை அது. அங்கேயே பூட்டி வைத்திருந்தால் இந்த விடுதலைக்கு வழி ஏது? வந்தவாசிப் பெண்ணை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நாகர்கோவிலும் நினைவுக்கு வருகிறது.

ஆகவே ‘கொடுக்கலாமா, ஒளிக்கலாமா’ என்று கேட்பதே தவறான இடத்தில் நிற்பது என்று நினைக்கிறேன். அறிவு போக வேண்டிய இடத்துக்குப் போகத்தான் வேண்டும். கேட்க வேண்டியது வேறு: அது கைமாறும்போது நஷ்டம் யார் தலையில், லாபம் யார் பையில்? அந்தச் சுவிஸ் பெண்மணியிடமிருந்து வேலையை எடுத்தது வந்தவாசிப் பெண் அல்ல. இரண்டு சம்பளத்துக்கும் இடையிலான வித்தியாசம் வந்தவாசிக்குப் போகவில்லை. கொடுத்தவர், பெற்றவர் இருவரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு அந்த வித்தியாசம் மூன்றாவது இடத்துக்குப் போனது.

நம் சமூகத்துக்கு இது தூரத்துக் கேள்வி இல்லை. என்னைப் போன்ற கணினிக்காரர்கள் பலர் இங்கு வந்ததே, யாரோ ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்ததால்தான். இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளோ இப்போது மேசையின் மறுபக்கம் உட்காரத் தொடங்கிவிட்டார்கள். நாளை அவர்களிடம்தான் ‘தெரிந்ததை எல்லாம் சொல்லுங்கள்’ என்று கேட்பார்கள். பூனையைப் போல ஒன்றை ஒளித்துவைக்க நான் அவர்களுக்குச் சொல்லமாட்டேன். சொல்லிக்கொடுப்பதும் வேலை, அதற்கு முன்கூட்டியே விலை பேசுங்கள், உங்கள் பெயரை முழுதாக எழுதச் சொல்லுங்கள், மறுமுனையில் இருப்பவருக்கு என்ன கூலி என்றும் கேளுங்கள் என்பேன். மூன்றாவது கேள்விக்கு நமக்கு என்ன அவசியம் என்று தோன்றலாம். ஆனால் அதைக் கேட்காதவரை முதல் இரண்டுக்கும் நேர்மையான பதில் கிடைக்காது.